அக்கிலிஸ் தசைநாண் வலியோடு குதிரை ஏறலாமா?

கேள்வி: ஐந்து மாதமாக இடது குதிகாலுக்குப் பின்னால் வலி. காலையில் கட்டிலிலிருந்து இறங்கியதும் முதல் சில அடிகள் நொண்டித்தான் நடக்க முடிகிறது. நடக்க நடக்கக் குறைகிறது. வாரத்தில் நான்கு நாள் குதிரை ஏறுகிறேன், சிறிய தடைகளும் தாண்டுகிறேன். அக்கிலிஸ் தசைநாண் பாதிப்பு என்று சொல்லி ஆறு வாரம் முழு ஓய்வு எடுக்கச் சொல்கிறார் மருத்துவர். சவாரியை நிறுத்தித்தான் ஆக வேண்டுமா?

பதில்:

பெரும்பாலும் நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் இப்போது ஏறுகிற அதே விதத்தில் தொடரவும் கூடாது. ஓய்வெடுத்தால் வலி குறையும் என்பது உண்மைதான். அந்த ஆறு வாரத்தில், அக்கிலிஸ் நாண் குதிகால் எலும்போடு இணைக்கும் கெண்டைக்கால் தசையின் பலமும் சேர்ந்தே குறையும். ஏழாவது வாரம் பழைய சுமையோடு சேணத்தில் ஏறினால், முன்பைவிடப் பலவீனமான நாண் அதைத் தாங்க வேண்டியிருக்கும். வலி திரும்பி வரும். இந்த வட்டத்திலேயே இரண்டு மூன்று ஆண்டுகள் சுற்றுகிறவர்கள் உண்டு.

இதை வெறும் அழற்சி என்று நினைத்துக்கொண்டு ஐஸ் வைப்பதாலும் மாத்திரை போடுவதாலும் பெரிய பலன் கிடைப்பதில்லை. மாதக்கணக்கில் நீடிக்கும் வலியில், நாணின் கொலாஜன் இழைகள் ஒழுங்கு குலைந்து, புரி தளர்ந்த கயிறுபோல் ஆகியிருக்கும். அளவான சுமையைத் தொடர்ந்து கொடுத்தால்தான் நாண் மீண்டும் பலம் பெறும். சுமை அதிகமானால் கெடும். சுமையே இல்லாவிட்டாலும் கெடும்.

வேறு எதைச் செய்வதற்கும் முன், வலி எந்த இடத்தில் என்பதைத் துல்லியமாகக் கண்டுபிடியுங்கள். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் நாணை இருபுறமும் மெதுவாகக் கிள்ளியபடி, கெண்டைக்காலிலிருந்து கீழ்நோக்கி வாருங்கள். குதிகால் எலும்பில் ஒட்டும் இடத்துக்கு மேலே 2 முதல் 6 சென்டிமீட்டருக்குள் வலித்து, நாண் அங்கே சற்றுத் தடித்தும் இருந்தால் அது நடுப்பகுதிப் பாதிப்பு. எலும்பிலேயே, பூட்ஸின் பின்பக்கம் உரசும் மேட்டில் வலித்தால் அது ஒட்டுமிடப் பாதிப்பு. குதிரை ஏறுபவருக்கு இந்த வேறுபாடு மிக முக்கியம். கணுக்கால் மேல்நோக்கி மடங்கும்போது, அதாவது குதிகால் தாழ்ந்து விரல்கள் உயரும்போது, நாணின் அடிப்பகுதி குதிகால் எலும்போடு அழுந்துகிறது. ஒட்டுமிடப் பாதிப்பில் இந்த அழுத்தமே பெரிய எதிரி. சவாரியில் நாள் முழுக்க நமக்குச் சொல்லித்தரப்படுவதோ குதிகாலைக் கீழே இறக்கு என்பதுதான்.

ஆனாலும் சேணத்தின் மேல் இருக்கும் நேரத்தை முதல் குற்றவாளியாக நான் கருதுவதில்லை. ஒரு சிறு கணக்குப் பாருங்கள். 60 கிலோ எடையுள்ளவர் சேணத்திலிருந்து எழுந்து அங்கவடிகளில், அதாவது சேணத்தின் இருபுறமும் தொங்கும் பாத வளையங்களில், நிற்கிறார். ஒரு காலுக்கு 30 கிலோ. அங்கவடி முன்பாதத்தின் அடியில், கணுக்கால் மூட்டுக்குச் சுமார் 12 சென்டிமீட்டர் முன்னால் இருக்கிறது. நாண் அதே மூட்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் பின்னால் இழுக்கிறது. நெம்புகோல் விதிப்படி நாணில் விழும் இழுவிசை சுமார் 72 கிலோ. குதிரையின் ஓட்டத்தில் ஒவ்வொரு அதிர்வுக்கும் இது ஏறி இறங்கும். இருந்தாலும், சமதளத்தில் சாதாரணமாக நடக்கும்போதே உடல் எடையைப்போல் சுமார் மூன்று மடங்கு விசையை இந்த நாண் தாங்குகிறது. ஓடும்போது ஆறு மடங்கையும் தாண்டும். ஆக, சவாரியில் நாணைப் படுத்துவது சுமையின் அளவைவிடக் கணுக்கால் மடங்கும் கோணமும், பூட்ஸின் உரசலும்தான். அவற்றையெல்லாம்விட மோசமானது ஏறும் விதமும் இறங்கும் விதமும்.

உங்களுக்கு வலிப்பது இடது கால். தரையிலிருந்து ஏறும்போது அந்தக் கால் என்ன செய்கிறது என்று ஒருமுறை கவனியுங்கள். இடுப்பு உயரத்தில் தொங்கும் அங்கவடிக்குள் பாதத்தை நுழைக்கிறீர்கள். முழங்காலும் கணுக்காலும் எட்டுமட்டும் மடங்குகின்றன. வலது கால் இரண்டு மூன்று முறை துள்ளுகிறது. பிறகு முழு உடலும் இடது முன்பாதம் ஒன்றின்மேல் எழுகிறது. கணுக்கால் முழுதாக மடங்கிய நிலையில் மொத்தச் சுமையையும் இந்த ஒரு நாண் வாங்குகிறது. வலது நாணுக்கோ துள்ளலின் திடீர் விசை. இதற்கு மருந்து மிக எளிது: ஏறுவதற்கு ஓர் உயரமான படி அல்லது மேடை. கௌரவம் பார்க்காதீர்கள். ஒரு பக்கமாகச் சேணம் இழுபடாமல் இருப்பதால் குதிரையின் முதுகுக்கும் அதுவே நல்லது.

இறங்குவதை யாரும் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்வதில்லை. 16 கை உயரக் குதிரை என்றால் அதன் தோளுயரம் சுமார் 162 சென்டிமீட்டர். ஒரு மணி நேரம் உட்கார்ந்து மரத்துப்போன கால்களோடு அங்கிருந்து குதிக்கிறோம். முன்பாதம் முதலில் தரையைத் தொடுகிறது, குதிகால் சடாரென்று கீழே வருகிறது. சுருங்கிக்கொண்டிருக்கும் தசையை அதே நொடியில் இழுத்து நீட்டும் இந்த வேகச் சுமைதான் நாணுக்கு ஆகாதது. குதிரை அசையாமல் நிற்கும் என்றால் ஏறிய படியின் மேலேயே இறங்குங்கள். இல்லையென்றால் இரண்டு கால்களையும் அங்கவடியிலிருந்து எடுத்து, வயிறு சேணத்தில் படிந்தபடி கைகளால் பிடித்து மெதுவாகச் சறுக்கி, இரண்டு பாதங்களும் ஒரே நேரத்தில், முழங்கால் மடங்கி, தரையில் படும்படி இறங்குங்கள். கான்கிரீட் தளத்தில் வேண்டாம். மணலிலோ புல்லிலோ இறங்குங்கள். இந்த இரண்டு பழக்கங்களை மாற்றினாலே காலை வலி குறைவதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

இனி சேணத்தின் மேல். முதலில் குதிகாலைத் தாழ்த்தும் விஷயம். பாதம் அங்கவடிக்குள் வழுக்கி உள்ளே போய்விடாமல் இருக்கவும், எடை கால் வழியாக இறங்கி இருக்கை நிலைக்கவும்தான் அந்த விதி. இடுப்பும் முழங்காலும் தளர்ந்திருந்தால் குதிகால் தானாகக் கொஞ்சம் தாழும். அதை வலிந்து அமுக்கினால் கணுக்கால் பூட்டிக்கொள்கிறது, கால் முன்னால் ஓடிவிடுகிறது, குதிரையின் அதிர்வை வாங்க வேண்டிய மூட்டு செயலற்றுப் போகிறது. சவாரியும் கெடுகிறது, நாணும் கெடுகிறது. சமதளப் பயிற்சிக்குப் பாதம் தரைக்கு இணையாக, அல்லது குதிகால் ஒரு விரற்கடை தாழ்ந்து இருந்தால் போதும். குதிகால் விரல்களைவிட மேலே போகக் கூடாது, அவ்வளவுதான். பயிற்சியாளரிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் அவர் குதிகால், குதிகால் என்று குரல் கொடுப்பார், நீங்களும் அறியாமலே அமுக்குவீர்கள்.

அங்கவடி வாரை ஒன்றிரண்டு துளை இறக்கிவிடுங்கள். வார் குட்டையானால் இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றுமே அதிகம் மடங்கும். இங்கே அதிகம் பேர் அறியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். கெண்டைக்காலில் முக்கியமான தசைகள் இரண்டு. மேலே இருப்பது காஸ்ட்ரோக்னீமியஸ். முழங்காலுக்கு மேலே தொடங்குவதால் முழங்கால் மடங்கியதும் அது தளர்ந்துவிடும். அடியில் இருக்கும் சோலியஸ் முழங்காலுக்குக் கீழே தொடங்குவது. முழங்கால் மடங்கினாலும் அதன் இழுப்பு குறையாது. குதிரை மேல் முழங்கால் எப்போதும் மடங்கியே இருக்கிறது. எனவே சவாரியில் நாணை இழுப்பது பெரும்பாலும் சோலியஸ்தான். நின்றபடி முழங்காலை நீட்டிச் செய்யும் பயிற்சிகளை மட்டும் செய்துவிட்டு, சவாரியில் இன்னும் வலிக்கிறதே என்று அலுத்துக்கொள்பவர்களுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

அங்கவடி பாதத்தில் எங்கே இருக்கிறது என்பதும் பெரிய வித்தியாசம் செய்யும். மேலே சொன்ன கணக்கில், அங்கவடியை 4 சென்டிமீட்டர் பின்னால், பாதத்தின் நடுவை நோக்கி நகர்த்தினால் நாணின் சுமை 72 கிலோவிலிருந்து 48 கிலோவாகக் குறைகிறது. மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. நெடுந்தூரம் சவாரி செய்பவர்களில் பலர் இப்படித்தான் பாதத்தை உள்ளே தள்ளி வைத்துக்கொள்கிறார்கள். இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது: விழுந்தால் பாதம் சிக்கிக்கொள்ளும். அதனால் முன்புறம் கூண்டு வைத்த அங்கவடியோ, விழும்போது தானே திறந்து விடும் பாதுகாப்பு அங்கவடியோ இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். மிதிதட்டு அகலமாகவும் தட்டையாகவும் இருக்கட்டும். குதிகாலை இறக்குவதற்கென்றே சாய்வாகச் செய்த மிதிதட்டு இருந்தால் இப்போதைக்கு மாற்றிவிடுங்கள்.

பூட்ஸைப் பற்றி. சவாரி முடிந்ததும் காலுறையைக் கழற்றி, குதிகாலுக்கு மேலே பாருங்கள். நாணின் குறுக்கே சிவந்த கோடு தெரிந்தால் குற்றவாளி அங்கேயே கையெழுத்துப் போட்டிருக்கிறது. நீளமான தோல் பூட்ஸ் பழகும்போது கணுக்காலில் மடிப்பு விழும். அந்த மடிப்பு சரியாக நாணின் மேல்தான் வந்து உட்காரும். பின்பக்கம் ஜிப் வைத்தவை இன்னும் மோசம். சில மாதங்களுக்குக் குட்டை பூட்ஸும் மென்மையான அரைக்கால் உறையும் போதும். உரசலைத் தடுக்கப் பஞ்சுப்பட்டை வைப்பதானால் நாணின் மேல் வைக்காதீர்கள். இரண்டு பக்கமும் ஒவ்வொரு பட்டை வைத்து, நடுவில் நாணுக்கு இடம் விடுங்கள்.

குதிகாலுக்கு அடியில் 1 சென்டிமீட்டர் அளவில் உயர்த்தும் ஆப்பு வைப்பது நல்ல யோசனை, குறிப்பாக ஒட்டுமிட வலிக்கு. இரண்டு காலிலும் வையுங்கள். ஆனால் அது தரையில் நடக்கும்போதுதான் வேலை செய்யும். அங்கவடி முன்பாதத்தைத் தாங்குகிறது. குதிகால் காற்றில் தொங்குகிறது. அங்கே ஆப்பினால் பெரிய மாற்றம் வராது. குதிகால் உயர்ந்ததால் பூட்ஸ் கழன்று வரும்படி ஆகிவிட்டதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வலி குறைகிறதே என்று குதியில்லாத விளையாட்டுக் காலணி போட்டுக்கொண்டு ஏறவே கூடாது.

லாய வேலையும் கணக்கில் வரும். தட்டையான, தொளதொள ரப்பர் பூட்ஸில் இரண்டு மணி நேரம் சாணம் அள்ளுவது, ஆழமான மணலில் நடந்தபடி குதிரையை வட்டமாக ஓட்டுவது, டிராட் என்னும் துள்ளுநடையைக் காட்டுவதற்காகக் குதிரையோடு கூடவே ஓடுவது எல்லாம் நாணுக்குச் சவாரியைவிட அதிக வேலை. எத்தனை மணி நேரம் ஏறினீர்கள் என்று கேட்டால் உடனே சொல்வோம். லாயத்தில் எத்தனை மணி நேரம் நின்றோம் என்று யாரும் எண்ணுவதில்லை. ஓடிக்காட்டும் வேலையை வேறொருவரிடம் கொடுங்கள். நல்ல குதியுள்ள காலணியில் வேலை செய்யுங்கள்.

எவ்வளவு வலி வரை பொறுத்துக்கொள்ளலாம்? இதற்கு நம்பகமான வழிகாட்டல் இருக்கிறது. கரின் கிரேவாரே சில்பெர்நாகல் குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சியோடு ஓட்டத்தையும் குதித்தலையும் வலியைக் கண்காணித்தபடி தொடர்ந்தவர்கள், முதல் ஆறு வாரம் அவற்றை நிறுத்தியவர்களைவிடப் பின்தங்கவில்லை; இரு தரப்பும் நன்றாகவே தேறின. வலியே இல்லாததை 0, தாங்கவே முடியாததை 10 என்று வைத்தால், பத்துக்கு ஐந்து வரை வலி அனுமதி. மறுநாள் காலைக்குள் அது தணிந்திருக்க வேண்டும். வாரத்துக்கு வாரம் வலியும் விறைப்பும் ஏறக் கூடாது. சவாரிக்கு மட்டும் நான் பத்துக்கு மூன்று என்று வைத்துக்கொள்ளச் சொல்வேன். வலி அதற்கு மேல் போனால் நம்மை அறியாமல் ஒரு பக்கம் சாய்கிறோம், அங்கவடியை இழக்கிறோம். குதிரை அதை உடனே உணர்ந்து கோணலாகப் போகிறது. நாண் உடனுக்குடன் முறையிடாது, ஒரு நாள் தாமதித்துத்தான் சொல்லும். அதனால் சவாரி எப்படி இருந்தது என்பதற்குச் சரியான பதில் மறுநாள் காலையின் முதல் பத்து அடியில்தான் கிடைக்கும். அதை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்.

உங்கள் நான்கு நாள்களை அடுத்தடுத்து வைக்காதீர்கள். முதல் மாதம் மூன்று நாள் போதும். அதில் தடை தாண்டல் வேண்டாம், சேணத்திலிருந்து எழுந்து நிற்கும் நிலையை ஒரு தடவைக்கு ஓரிரு நிமிடத்துக்கு மேல் நீட்ட வேண்டாம். குதிரை அமைதியானதாக இருந்து உங்களுக்கும் நல்ல பிடிமானம் இருந்தால், வாக் எனும் மெதுநடையில் அங்கவடி இல்லாமல் சிறிது நேரம் கால்களைத் தொங்கவிடுங்கள். நாணுக்கு அதைவிட நல்ல ஓய்வு இல்லை.

இப்போது பயிற்சி. இதைச் செய்யாமல் மேலே சொன்ன மாற்றங்களை மட்டும் செய்தால் வலி அடங்கும், நாண் பலப்படாது. ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் 1998-இல் வெளியிட்ட முறை உலகம் முழுக்கப் பரவியது: படியில் நின்று குதிகாலை மெதுவாக இறக்குவது, முழங்காலை நீட்டி 15 தடவை வீதம் 3 சுற்று, மடக்கி 3 சுற்று, தினம் இரண்டு வேளை, 12 வாரம். ஒரு நாளைக்கு 180 தடவை. பலன் தரும் முறைதான், ஆனால் கடைப்பிடிப்பவர்கள் குறைவு. 2015-இல் பேயர் என்ற ஆய்வாளரின் குழுவினர், வாரத்துக்கு மூன்று நாள் மட்டும் கனமான எடையோடு மெதுவாகச் செய்யும் முறையும் அதற்கு ஈடான பலன் தருவதைக் காட்டினார்கள். குதிரை ஏறுபவருக்கு இரண்டாவதையே நான் பரிந்துரைப்பேன். சவாரி இல்லாத நாள்களில் வைத்துக்கொள்ளலாம்.

முதல் இரண்டு வாரம், இரண்டு கால்களிலும் நின்று குதிகால்களைப் பாதி உயர்த்தி 45 வினாடி அப்படியே பிடியுங்கள். இடையில் இரண்டு நிமிடம் விட்டு ஐந்து முறை. பிறகு மூன்று வினாடியில் ஏறி மூன்று வினாடியில் இறங்குவது, முதலில் இரு கால், அப்புறம் ஒற்றைக் கால், அப்புறம் முதுகுப்பையில் எடை. சோலியஸுக்கு நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலுக்குச் சற்று மேலே தொடையில் கனமான மூட்டையை வைத்துக் குதிகாலை உயர்த்துங்கள். எடையைக் கண்டு பயப்படாதீர்கள். எட்டு தடவைக்குமேல் சிரமம் என்கிற அளவுக்குப் போக வேண்டும். ஒட்டுமிட வலி உள்ளவர்கள் எல்லாவற்றையும் சமதரையில் செய்யுங்கள். படியிலிருந்து குதிகாலைக் கீழே தொங்கவிடாதீர்கள். குதிகால் நன்றாகத் தாழ வேண்டும் என்பதற்காகப் படியில் தொங்கி நீட்டிப்பு செய்யும் பழக்கம் சவாரிக்காரர்களிடம் மிகுதி. ஒட்டுமிட வலியைப் பல மாதம் ஆறவிடாமல் வைத்திருப்பது அந்த ஒரு பழக்கமாகவே இருக்கலாம்.

சவாரிக்கு முன் வலிமாத்திரை போட்டுக்கொண்டு ஏறாதீர்கள். வலிதான் உங்கள் அளவுகோல், அதை மறைத்துவிட்டால் எதைக் கொண்டு அளப்பது? நாணுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ள ஒப்புக்கொள்ளாதீர்கள். சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் போன்ற ஃப்ளோரோகுவினோலோன் வகை ஆன்டிபயாடிக்குகளுக்கு நாண் அறுபடும் அபாயம் பற்றிய கடுமையான எச்சரிக்கை 2008 முதல் அமெரிக்காவில் கட்டாயம். 60 வயதைத் தாண்டியவர்களுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்களுக்கும் அபாயம் கூடுதல். வலி தொடங்குவதற்கு முந்தைய வாரங்களில் இவற்றைச் சாப்பிட்டிருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

சில அறிகுறிகள் வந்தால் இந்தப் பதிலை மூடிவைத்துவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல் திடீர் அடி, சில சமயம் படீரென்ற சத்தம்: நாண் அறுந்திருக்கலாம். சவாரிக்காரர்கள் குதிரைதான் உதைத்துவிட்டது என்று திரும்பிப் பார்ப்பதுண்டு. குப்புறப் படுத்துப் பாதத்தைக் கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டு, வேறொருவரைக் கெண்டைக்காலை அழுத்தச் சொல்லுங்கள். பாதம் அசையாவிட்டால் அன்றைக்கே மருத்துவமனை. கெண்டைக்கால் வீங்கிச் சூடாக இருந்தால் இரத்தக்கட்டியாக இருக்கலாம். அதற்கும் தாமதம் கூடாது. இரண்டு குதிகாலும் வலித்து, காலை விறைப்பு அரை மணிக்கு மேல் நீடித்து, முதுகு வலியோ சொரியாசிஸ் என்னும் தோல் நோயோ கூட இருந்தால், அது மூட்டுநோய் மருத்துவர் பார்க்க வேண்டியது.

எப்போது கட்டாயம் நிறுத்த வேண்டும் என்பதற்கும் ஒரு சோதனை சொல்கிறேன். குதிரை மிரண்டால் குதித்து இறங்கும் நிலை யாருக்கும் வரலாம். ஆகவே தரையில் இரண்டு காலாலும் பத்து முறை சிறிதாகக் குதித்துப் பாருங்கள். வலி மூன்றைத் தாண்டினாலோ, ஒற்றைக் காலில் குதிகாலை ஒருமுறைகூட உயர்த்த முடியாவிட்டாலோ, காலையின் முதல் சில அடிகளுக்குப் பிறகும் நொண்டி நடக்க நேர்ந்தாலோ அந்த வாரம் சவாரி வேண்டாம். பயிற்சியை மட்டும் தொடருங்கள்.

தடை தாண்டல் கடைசியில்தான். வலது காலில் எத்தனை முறை மெதுவாகக் குதிகாலை உயர்த்த முடிகிறதோ, இடது காலிலும் கிட்டத்தட்ட அத்தனை முறை வந்த பிறகு தொடங்குங்கள். 20 முதல் 25 என்பது நல்ல இலக்கு. முதலில் தரையில் கிடத்திய கழிகள், பிறகு தாழ்வான ஒற்றைத் தடை, அதன் பிறகே தொடர்தடை. ஒவ்வொரு படியிலும் இரண்டு வாரமாவது நில்லுங்கள். தாண்டிய மறுநாள் ஏற வேண்டாம். மூன்று மாதத்தில் தெளிவான மாற்றம் தெரிய வேண்டும். முழுதாகத் தேற ஆறு மாதம் அல்லது அதற்கு மேலும் ஆகலாம். மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் நோட்டில் மாற்றம் எதுவும் தெரியாவிட்டால், விளையாட்டுக் காயங்களில் அனுபவமுள்ள மருத்துவரிடம் ஸ்கேனும் அதிர்வலைச் சிகிச்சையும் பற்றிக் கேளுங்கள். அப்போதும் எடைப் பயிற்சியை விட்டுவிடாதீர்கள்.